வட்டி இல்லாத கோடிகள். ஆனால் கெடு உண்டு! பெங்களூர்க் கம்பெனிகளில் முதல் போடுகிறவர்கள் யார்?

பெங்களூர் திப்பசந்திராவில் 2005-ம் ஆண்டில் 50 சதுர அடி இடத்தில் இட்லி மாவு வியாபாரம் ஒன்று தொடங்கப்பட்டது. இரண்டு கிரைண்டர், ஒரு மிக்சி, பாக்கெட்டை ஒட்டும் யந்திரம் ஒன்று. போட்ட முதல் ரூ.50 ஆயிரம்.

தொடங்கியவர் பி.சி.முஸ்தபா. வயநாட்டைச் சேர்ந்தவர். தந்தை கூலித் தொழிலாளி. 6-ம் வகுப்பில் தோற்று, பிறகு விடாமல் படித்து என்ஜினீயர் ஆனவர். திப்பசந்திராவில் மளிகைக் கடை நடத்திய அவருடைய உறவினர்கள்தான் கூட்டாளிகள். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் பாண்டு போட்டுக் கட்டிய மாவைத்தான் அப்போது கடைகளில் விற்றார்கள். சுத்தமான பாக்கெட்டில் கொடுத்தால் ஜனங்கள் வாங்குவார்கள் என்பது இவர்கள் போட்ட கணக்கு. ஒரு நாளைக்கு 100 பாக்கெட் என்ற நிலையை எட்டவே பல மாதங்கள் ஆயின.

இட்லி, தோசை இரண்டின் ஆங்கில முதல் எழுத்துகளையும் சேர்த்து "ஐ.டி. பிரெஷ் புட்" என்று பெயர் வைத்தார்கள். 2014-ம் ஆண்டில் இந்த மாவுக் கம்பெனிக்கு "ஹீலியன்" என்ற முதலீட்டு நிறுவனம் ரூ.35 கோடி கொடுத்தது. 2017-ல் விப்ரோ அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் ரூ.150 கோடி கொடுத்தது. 2022 ஜனவரியில் மேலும் ரூ.507 கோடி வந்தது.

இட்லி மாவுக்கு இத்தனை கோடியா என்று யாரும் கேட்பார்கள். இது கடன் அல்ல. வட்டி கிடையாது. அடமானம் கிடையாது. மாதத் தவணையும் கிடையாது. வியாபாரம் நொடித்துப் போனால் கொடுத்தவர் வந்து வீட்டு வாசலில் உட்கார முடியாது.

அப்படியானால் எதற்காகக் கொடுக்கிறார்கள்? பெங்களூரில் இன்று பல தமிழ்க் குடும்பங்களின் சோறு இந்தக் கேள்வியோடு சம்பந்தப்பட்டிருக்கிறது. மகன் ஒரு புதுக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். மருமகள் இன்னொன்றில் கணக்கு எழுதுகிறாள். பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கிறான். இவர்கள் வாங்கும் சம்பளத்தில் பெரும் பகுதி வியாபார லாபத்திலிருந்து வருவதல்ல. முதல் போட்டவர்களின் பணத்திலிருந்து வருகிறது.

பாங்கி ஏன் கொடுக்காது?

பாங்கியில் இருப்பது ஜனங்கள் போட்ட டெபாசிட் பணம். கேட்டால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆகவே கடன் கேட்டு வருகிறவரிடம் பாங்கி மானேஜர் முதலில் கேட்பது, "என்ன அடமானம் வைப்பீர்கள்?" என்பதுதான். நிலம், வீடு, யந்திரம் இருந்தால் கடன் உண்டு. யோசனை மட்டும் இருந்தால் கடன் இல்லை.

இதற்குப் பெங்களூரிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1978-ம் ஆண்டில் கிரண் மஜும்தார் என்ற 25 வயதுப் பெண், வாடகை வீட்டின் கார் ஷெட்டில் ரூ.10 ஆயிரம் முதலில் "பயோகான்" கம்பெனியைத் தொடங்கினார். பப்பாளியிலிருந்து நொதிப் பொருள் எடுத்து ஏற்றுமதி செய்வது முதல் வேலை. பாங்கிகள் தயங்கின. வயது குறைவு, பெண், தொழிலோ யாரும் கேள்விப்படாத தொழில். ஜாமீன் கொடுக்கத் தந்தை வருவாரா என்றுகூடக் கேட்டார்கள்.

1980-களின் கடைசியில்தான் வேறு ஒரு வழி திறந்தது. அப்போது ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் நாராயணன் வாகுல். சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். அடமானம் பார்க்காமல் யோசனையையும் ஆளையும் பார்த்து முதல் போடும் ஏற்பாடு இந்தியாவுக்கும் வேண்டும் என்று முனைந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1988-ல் ஐ.சி.ஐ.சி.ஐ.யும் யூனிட் டிரஸ்டும் கூட்டுச் சேர்ந்து, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு "டி.டி.ஐ.சி.ஐ." என்ற நிறுவனத்தை ஏற்படுத்தின. நாட்டில் இவ்வகையில் முன்னோடியாக விளங்கிய நிறுவனங்களில் அது ஒன்று. அதன் உதவி பெற்றவற்றில் பயோகானும் உண்டு.

2004-ல் பயோகான் பங்குச் சந்தைக்கு வந்தது. முதல் நாளிலேயே அதன் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது.

இப்படி அடமானம் இல்லாமல், பங்கு வாங்கிக்கொண்டு போடும் பணத்துக்குத் துணிகர முதலீடு என்று பெயர். ஆங்கிலத்தில் "வென்சர் கேப்பிடல்" என்பார்கள்.

கடன் அல்ல, பங்கு

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சொந்தமாக ஒரு தொழில் நடத்துகிறார். அதில் 800 பங்குகள். எல்லாம் அவருடையவை. முதலீட்டாளர் ஒருவர் வந்து, "2 கோடி தருகிறேன். புதிதாக 200 பங்கு கொடுங்கள்" என்கிறார்.

இப்போது மொத்தப் பங்கு 1,000. முதலீட்டாளருக்கு 20 சதவீதம். 200 பங்குக்கு 2 கோடி என்றால், ஒரு பங்கின் விலை 1 லட்சம். 1,000 பங்குக்கு 10 கோடி. "அந்தக் கம்பெனியின் மதிப்பு 10 கோடி" என்று பேப்பரில் செய்தி வரும். ஆனால் பெட்டிக்குள் வந்த பணம் 2 கோடி மட்டுமே. மீதி 8 கோடி எண்ணிப் பார்க்கக்கூடிய பணம் அல்ல. முதலீட்டாளர் ஒருவர் எதிர்காலத்தை நினைத்துக் கட்டிய விலை அது.

ஒரு வருடம் கழித்து இன்னொருவர் வருகிறார். பங்கு ஒன்றுக்கு 4 லட்சம் வீதம் 250 புதுப் பங்குகளை 10 கோடிக்கு வாங்குகிறார். மொத்தப் பங்கு 1,250. கம்பெனியின் மதிப்பு 50 கோடி. தொடங்கியவரின் பங்கு 64 சதவீதமாகக் குறைகிறது. முதலில் வந்தவரின் பங்கு 16 சதவீதமாகக் குறைகிறது. ஆனால் அவர் போட்ட 2 கோடி, காகிதத்தில் 8 கோடி ஆகிவிட்டது.

இப்படி ஒவ்வொரு தடவை பணம் வாங்குவதையும் ஒரு "சுற்று" என்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று மதிப்பு ஏறும். சொந்தக்காரரின் பங்கு இறங்கும்.

ஒன்று பலித்தால் போதும்

வட்டிக்கு விடுகிறவர் கொடுத்த 10 பேரிடமும் வசூலிக்கப் பார்ப்பார். துணிகர முதலீட்டாளரின் கணக்கு வேறு. 10 கம்பெனிகளில் பணம் போட்டால் பாதிக்குமேல் நஷ்டம் என்று முதலிலேயே எடுத்துக்கொள்வார். ஒன்றிரண்டு பெரிதாகப் பலித்தால் எல்லா நஷ்டத்தையும் அது தூக்கிக் கொடுத்துவிடும்.

இதற்கு வழி காட்டியது அமெரிக்கா. 1946-ல் அங்கே ஜார்ஜ் டோரியட் என்ற பேராசிரியர் இதற்காகவே ஒரு நிறுவனத்தை அமைத்தார். 1957-ல் "டிஜிட்டல் எக்விப்மெண்ட்" என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் அந்த நிறுவனம் 70 ஆயிரம் டாலர் போட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது 35 கோடி டாலருக்கு மேல் பெருகியது. உலகம் முழுவதும் முதலீட்டாளர்கள் இப்படி ஒரு கம்பெனியைத்தான் தேடி அலைகிறார்கள்.

பெங்களூரில் அப்படிப் பலித்தது "பிளிப்கார்ட்". 2007-ல் சச்சின் பன்சால், பின்னி பன்சால் என்ற இரண்டு இளைஞர்கள் கோரமங்களாவில் ஒரு வீட்டில் இருந்துகொண்டு புத்தகம் விற்கத் தொடங்கினார்கள். குடும்பப் பெயர் ஒன்றானாலும் இருவரும் உறவினர் அல்ல. 2009-ல் "ஆக்செல்" நிறுவனம் 10 லட்சம் டாலர் போட்டது. பிறகு நியூயார்க் "டைகர் குளோபல்" வந்தது. 2017-ல் ஜப்பானின் "சாப்ட்பேங்க்" நிதி வந்தது.

2018 மே மாதம் அமெரிக்காவின் வால்மார்ட் கம்பெனி, பிளிப்கார்ட்டில் 77 சதவீதப் பங்கை 1,600 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அன்றைய கணக்கில் ரூ.1 லட்சம் கோடிக்கு மேல். முந்தின ஆண்டு 250 கோடி டாலர் போட்ட சாப்ட்பேங்க், சுமார் 400 கோடி டாலர் பெற்றுக்கொண்டு வெளியேறியது.

அப்போது சச்சின் பன்சாலின் கையில் இருந்தது 5 சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்குதான். சொந்தமாகத் தொடங்கிய கம்பெனியில் சுற்றுக்குச் சுற்று கரைந்து மிஞ்சியது அவ்வளவு. ஆனால் அதை விற்று அவர் பெற்றது ஏறக்குறைய 100 கோடி டாலர். சிறு கடையின் முழுப் பங்கைவிடப் பெரிய கம்பெனியின் சிறு பங்கு மேல் என்பதே இந்தத் தொழிலின் கணக்கு.

இது யார் வீட்டுப் பணம்?

முதலீட்டு நிறுவனங்கள் போடுவது பெரும்பாலும் அவற்றின் சொந்தப் பணம் அல்ல. ஓய்வூதிய நிதி, இன்ஷூரன்ஸ் கம்பெனி, பல்கலைக்கழக அறக்கட்டளை, பெரும் பணக்காரர் குடும்பங்கள் ஆகியோரிடம் வாங்கிப் போடுகிறார்கள். 2021-ல் பிளிப்கார்ட்டுக்கு வந்த 360 கோடி டாலரில் கனடா நாட்டு ஓய்வூதிய முதலீட்டு வாரியத்தின் பணமும் இருந்தது. கனடாவில் யாரோ ஒரு கிளார்க், யாரோ ஒரு பஸ் டிரைவர் மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்த பணம், பெங்களூரில் சோப்பும் செல்போனும் விற்கும் கம்பெனியில் முதலாக நிற்கிறது!

நிதியை நடத்துகிறவர்களுக்குச் சாதாரணமாக ஆண்டுக்கு 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம். லாபம் வந்தால் அதில் 20 சதவீதம். இது தமிழருக்குப் புதிதல்ல. செட்டிநாட்டார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில், ஏஜெண்டுகளை 3 வருடத் தவணைக்கு அனுப்புவார்கள். ஏஜெண்டுக்குச் சம்பளம் தனி. முடிவில் லாபத்தில் பங்கு தனி. முதலாளி பணம், ஏஜெண்டின் சாமர்த்தியம், குறித்த தவணை ஆகிய மூன்றும் இங்கும் உண்டு.

இந்தியாவில் இத்தகைய நிதிகளைச் "செபி" அமைப்பு 2012-ம் ஆண்டு விதிகளின்படி கட்டுப்படுத்துகிறது. அந்த விதிகளின்படி வெளியார் ஒருவர் போட வேண்டிய குறைந்தபட்சத் தொகை ரூ.1 கோடி. மாதச் சம்பளக்காரர்களுக்கு அந்த வாசல் கிடையாது.

கெடுதான் முக்கியம்

ஏஜெண்டுக்குத் தவணை இருந்தது போல, இந்த நிதிகளுக்கும் ஆயுள் உண்டு. சாதாரணமாக 10 ஆண்டுகள். அதற்குள் பணம் கொடுத்தவர்களுக்கு லாபத்தோடு திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முதல் சில ஆண்டுகள் நல்ல கம்பெனிகளைத் தேடிப் போடுவதில் கழியும். ஆகவே ஒரு கம்பெனிக்குள் பணம் வந்த நாளிலிருந்து ஐந்து, ஆறு அல்லது ஏழு ஆண்டுகளில் அது வெளியேறும் வழியைப் பார்க்க வேண்டும்.

பாங்கிக் கடனுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டே, கடையைச் சிறிதாக 30 ஆண்டுகள் நடத்தலாம். பாங்கிக்குக் கவலை இல்லை. முதலீட்டாளர் பணத்தை வாங்கிக்கொண்டு கடையைச் சிறிதாக நடத்த முடியாது. அவர் வட்டி கேட்பதில்லை. பல மடங்கு வளர்ச்சி கேட்கிறார். அதுவும் கெடுவுக்குள் கேட்கிறார். நஷ்டத்தில் விற்றாவது ஊரைப் பிடி, ஆளைச் சேர், கிளை திற என்ற அவசரம் எங்கிருந்து வருகிறது என்றால், இங்கிருந்துதான் வருகிறது.

வெளியேறும் வழிகள் மூன்று. இன்னொரு பெரிய கம்பெனிக்கு விற்பது ஒன்று. வால்மார்ட் வாங்கியது அப்படி. இன்னொரு முதலீட்டாளருக்குக் கைமாற்றுவது மற்றொன்று. பங்குச் சந்தையில் பொதுமக்களுக்கு விற்பது மூன்றாவது.

மூன்றாவது வழியைப் பங்கு வாங்கும் கிளார்க்குகள் கவனிக்க வேண்டும். பெங்களூரின் "ஸ்விகி" கம்பெனி 2024 நவம்பரில் பங்கு வெளியிட்டுத் திரட்டியது ரூ.11,327 கோடி. அதில் கம்பெனியின் பெட்டிக்குள் போனது ரூ.4,499 கோடி. மீதி ரூ.6,828 கோடி, தங்கள் பங்கை விற்ற பழைய பங்குதாரர்களுக்குப் போனது. இது சட்டப்படி நடப்பது, விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கும். ஆனால் நாம் கொடுக்கும் பணம் தொழிலை வளர்க்கப் போகிறதா, வெளியேறுகிறவருக்கு வழிச்செலவாகப் போகிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

பெரிய கம்பெனிகளுக்கும் உண்டு

துணிகர முதலீடு நாற்றங்காலுக்கு என்றால், "பிரைவேட் ஈக்விட்டி" எனப்படும் தனியார் பங்கு முதலீடு வளர்ந்த தோப்புக்கு. நன்றாக நடக்கும் கம்பெனியில் பெரும் பங்கையோ முழுக் கம்பெனியையோ வாங்குவார்கள். நிர்வாகத்தை இறுக்கி, கிளைகளைப் பெருக்கி, சில ஆண்டுகளில் கூடுதல் விலைக்கு விற்பார்கள். பழைய விமான நிலைய ரோட்டில் தலைமை ஆஸ்பத்திரி உள்ள மணிபால் ஆஸ்பத்திரிகளில் 2023-ல் சிங்கப்பூர் அரசின் "டெமாசெக்" நிறுவனம் தன் பங்கை 59 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. அங்கே பில் கட்டுகிற நோயாளிகளில் பலருக்கு இது தெரியாது.

இந்தப் பணத்திலும் கெடு உண்டு. பெங்களூர் பிரிகேட் ரோட்டில் 1996-ல் முதல் கடை திறந்த "கபே காபி டே" கம்பெனியில், 2010-ல் அமெரிக்காவின் கே.கே.ஆர். உள்ளிட்ட முதலீட்டு நிறுவனங்கள் பணம் போட்டன. 2019 ஜூலை மாதம் அதன் அதிபர் வி.ஜி.சித்தார்த்தா மங்களூர் அருகே நேத்ராவதி ஆற்றில் பிணமாக மீட்கப்பட்டார். அவர் எழுதியதாக அப்போது வெளியான கடிதத்தில், முதலீட்டாளர் ஒருவர் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி நெருக்குவதாகவும், மற்றக் கடன்காரர்கள், வருமான வரித் துறை ஆகியோராலும் நெருக்கடி என்றும் சொல்லப்பட்டிருந்தது. கம்பெனிக்கு ஆயிரக்கணக்கான கோடி கடன் இருந்தது. ஒரு காரணத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. ஆனால் பங்காக வந்த பணமும் ஒரு நாள் கடனைப் போலவே கதவைத் தட்டக்கூடும் என்பதைத் தொழில் உலகம் அன்று பேசிக்கொண்டது.

பணம் நின்றால்...

சுற்றுப் பணம் வந்துகொண்டிருக்கும் வரை நஷ்டம் வெளியே தெரியாது. நின்றால் முதலில் அடிபடுவது ஊழியர்கள்.

பெங்களூரின் "பைஜூஸ்" கல்விக் கம்பெனி 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளது என்று சொல்லப்பட்டது. நாட்டின் புதுக் கம்பெனிகளில் அன்று அதுவே முதல் இடம். அதே ஆண்டு அக்டோபரில் 2,500 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. 2024 ஜூலையில் பெங்களூர்க் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதன்மீது திவால் நடவடிக்கை தொடங்க உத்தரவிட்டது. வழக்குப் போட்டது இந்தியக் கிரிக்கெட் வாரியம். பாக்கி சுமார் ரூ.158 கோடி. 2,200 கோடி டாலர் என்ற விலைச் சீட்டு, அந்தப் பாக்கியைத் தீர்க்க உதவவில்லை.

கடைச் சாமான்களை வீடு கொண்டு வந்து கொடுத்த "டன்சோ" கம்பெனியும் பெங்களூரில் பிறந்ததுதான். கூகுளும் ரிலையன்சும் அதில் பணம் போட்டன. 2022-ல் ரிலையன்ஸ் குழுமம் மட்டும் 20 கோடி டாலர் போட்டு நான்கில் ஒரு பங்கை வாங்கியது. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜனவரியில், சேவை நின்றுபோனது.

சரிவு வரும்போது பணத்தைப் பங்கிடுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும், "கம்பெனியை விற்றால் நான் போட்ட பணம் எனக்கு முதலில்" என்று எழுதி வாங்கிவிடுவார்கள். மேலே சொன்ன கற்பனைக் கம்பெனியையே பார்ப்போம். மதிப்பு 50 கோடி என்று சொல்லப்பட்ட அந்தக் கம்பெனி, நிலைமை சரியில்லாமல் 11 கோடிக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வந்தவர் தன் 10 கோடியை எடுத்துக்கொள்வார். மிச்சம் 1 கோடியை முதலில் வந்தவர் எடுத்துக்கொள்வார். 64 சதவீதப் பங்கு வைத்திருந்த சொந்தக்காரருக்கு ஒன்றும் இல்லை. பங்கு வைத்திருக்கும் ஊழியருக்கும் ஒன்றும் இல்லை.

ஊழியருக்குப் பங்கு

ஆனாலும் ஊழியர்களுக்கு யோகம் அடித்த சம்பவங்களும் உண்டு. திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி, இப்போது "பிரெஷ்ஒர்க்ஸ்" என்ற பெயரில் உள்ளது. 2021 செப்டம்பரில் அது அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. ஒரே நாளில் 500-க்கு மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள் என்றும், அவர்களில் 70 பேர் வரை 30 வயது ஆகாதவர்கள் என்றும் கிரீஷ் சொன்னார். சம்பளத்தோடு கொடுக்கப்பட்ட பங்குதான் காரணம்.

"ஈசாப்" எனப்படும் இந்தப் பங்கு ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை சில. சட்டப்படி குறைந்தது ஓர் ஆண்டு கழித்தே பங்குக்கு உரிமை பிறக்கும். பல கம்பெனிகளில் முழு உரிமை பெற 4 ஆண்டுகள் ஆகும். உரிமை வந்த பிறகு, குறித்த விலை கொடுத்துத்தான் பங்கை வாங்க வேண்டும். வாங்கும்போது சந்தை மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வருமான வரி வரும். சில புதுக் கம்பெனிகளுக்கு மட்டும் வரியைத் தள்ளிக் கட்டச் சலுகை உண்டு. பங்கு இன்னும் விலைபோகவில்லை. வரி மட்டும் வந்துவிட்டது என்ற நிலையும் ஏற்படலாம். வேலையை விட்டால் குறித்த காலத்துக்குள் வாங்காத பங்கு போய்விடும் என்றும் பல ஒப்பந்தங்களில் இருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் பொட்டலம் கொண்டு போகிறவரை இந்தக் கம்பெனிகள் "பார்ட்னர்", அதாவது பங்காளி என்று அழைக்கின்றன. பங்கு மட்டும் கிடையாது. பி.எப்., கிராஜுவிட்டி கிடையாது. இவர்களுக்காகக் கர்நாடக அரசு 2025-ல் தனிச் சட்டம் கொண்டு வந்தது. தொழிலாளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கூலியிலும் 1 முதல் 5 சதவீதம் வரை கணக்கிட்டு, கம்பெனி நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அந்த வாரியத்தில் தங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

வேண்டாம் என்றவர்கள்

முதலீட்டாளர் பணம் இல்லாமல் வளரவே முடியாதா என்றால், முடியும். ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996-ல் தொடங்கிய கம்பெனி, இன்று "ஜோஹோ" என்று உலகம் முழுவதும் தெரிந்த பெயர். வெளி முதலீட்டாளர் பணத்தை வாங்காமலே வளர்ந்தது. கிடைத்த லாபத்தைத் திரும்பத் திரும்பத் தொழிலிலேயே போட்டார்கள். தென்காசிப் பக்கம் கிராமத்தில் ஆபீஸ் திறக்கவும், பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கவும் அவர்கள் யாருடைய கெடுவையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

1981-ல் ரூ.10 ஆயிரத்தில் தொடங்கிய இன்போசிஸ், 1993-ல் பங்கு ஒன்று ரூ.95 என்று பொதுமக்களிடம் போனபோது வாங்க ஆள் போதவில்லை. பெரும் லாபம் வந்தது, பிறகு பல ஆண்டுகள் பொறுத்தவர்களுக்குத்தான்.

ஆகவே முதலீட்டாளர் பணம் நல்லதா, கெட்டதா என்று கேட்பதில் பயன் இல்லை. அடமானம் வைக்க ஒன்றும் இல்லாத கூலித் தொழிலாளி மகனுக்கு ரூ.35 கோடி கொடுக்கும் பாங்கி எங்கும் கிடையாது. கொடுத்தது இந்தப் பணம்தான். ஆனால் அந்தப் பணத்தோடு ஒரு கெடுவும் கம்பெனிக்குள் வருகிறது. அங்கே வேலை செய்கிறவரும் அந்தக் கெடுவுக்குள்தான் வேலை செய்கிறார்.

கேட்க வேண்டியவை

பிள்ளைகள் இத்தகைய கம்பெனியில் வேலைக்குச் சேரும்போது பெற்றோர் சில கேள்விகள் கேட்கலாம். வெட்கப்பட வேண்டியதில்லை.

சொல்கிற சம்பளத்தில் மாதம் கைக்கு வரும் ரொக்கம் எவ்வளவு? பங்காகக் காட்டுவது எவ்வளவு? வீட்டு வாடகைக்கும் தம்பி படிப்புக்கும் ரொக்கத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். பங்கு வந்தால் லாபம்.

கம்பெனி லாபத்தில் நடக்கிறதா, அடுத்த சுற்றுப் பணத்தை எதிர்பார்த்து நடக்கிறதா? வருடாந்திரக் கணக்கை மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் ரூ.100 கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

பி.எப். பணம் மாதா மாதம் கட்டப்படுகிறதா? பாஸ்புக்கைச் செல்போனிலேயே பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்த பணம் இரண்டு, மூன்று மாதமாகக் கணக்கில் ஏறவில்லை என்றால், பேப்பரில் செய்தி வருவதற்கு முன்பே அது ஓர் எச்சரிக்கை.

கம்பெனியின் "மதிப்பு" ஆயிரம் கோடி என்று செய்தி வரும் நாளில் இனிப்பு வழங்குவார்கள். வாங்கிச் சாப்பிடலாம். வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும், அந்தச் செய்தியை நம்பாமல் சம்பளச் சீட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.